வண்டியில் தேவையில்லாத எடை

என் வீட்டுக்காரர் கௌதமன் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

சங்ககிரியில் எங்களுக்கு லாரி செட் இருக்கிறது. என் மாமனார் செல்லமுத்து ஒற்றை லாரியில் ஆரம்பித்துப் பெருக்கிய தொழில். வாரத்தில் ஆறு நாளும் கௌதமன் லோடு, டிரைவர், பஞ்சர், பர்மிட் என்று போனில் கத்திக்கொண்டிருப்பார். நான் பக்கத்து அறையில் பில்லும் வரிக்கணக்கும் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்புக் கார். கொச்சியில் ஒரு டாக்டரிடம் பழையதாக வாங்கியது. கூரையை மடக்கிக்கொள்ளலாம், பின்னால் உட்கார இடம் கிடையாது. மொத்தமே இரண்டு சீட்.

இரண்டாவது சீட் என்னுடையது.

விடியும் முன் கிளம்பி, திருச்செங்கோடு, நாமக்கல் தாண்டி, கொல்லிமலையில் வளைந்து வளைந்து ஏறி, மேலே சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவோம். அந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அவர் பேசுவார். வீட்டில் அவர் பேசுவதெல்லாம் போனோடுதான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தக் காருக்குள் பேசியது. அந்த சீட் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் போதாது. அந்த சீட் இல்லையென்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

வினை இனியன் ரூபத்தில் வந்தது. இனியன் திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரரோடு காலேஜில் படித்தவர். அவரிடமும் ஒரு வேகமான கார் உண்டு. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் அவ்வப்போது ஒரு போட்டி வைப்பார்கள். தார் போட்ட மைதானத்தில் ஆரஞ்சுக் கலர் கோன்களை நிறுத்தி, ஒவ்வொரு காராக வளைந்து வளைந்து ஓட்டவிட்டு நேரம் பார்ப்பார்கள். கோனை இடித்தால் நேரம் கூடும். யாரும் சாகாத பந்தயம் என்பதால் எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி உண்டு. போன தடவை அதில் இனியன் என் வீட்டுக்காரரை இரண்டு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

இரண்டு விநாடியில் ஒரு தும்மல்கூட முழுசாகத் தும்ம முடியாது. ஆனால் அந்த இரண்டு விநாடி எங்கள் வீட்டில் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கூடவே இருந்தது. காரை இன்னும் வேகமாக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

முதலில் புது சைலன்சர். சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு கேரேஜில் மாட்டிக்கொண்டு வந்தார். வேகம் கூடியதா என்று தெரியவில்லை, சத்தம் கூடியது. ஊருக்கு வெளியே எங்கள் தூரத்துப் பெரியப்பா ராசப்பனின் கோழிப்பண்ணை இருக்கிறது. இரண்டாவது வாரமே அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏஞ்சாமி கௌதமா, உன்ற வண்டி போறப்பல்லாம் என்ற கோழியெல்லாம் கூண்டுக்குள்ள எந்திரிச்சு நின்னுக்குது. முட்டை கொறஞ்சுபோச்சு. நீ சைலன்சரக் கழட்டறயா, இல்ல நான் அத்தனை கோழிக்கும் காதுல பஞ்சு வெக்கட்டுமா?"

சைலன்சர் கழன்றது.

அடுத்து ஸ்பிரிங். காரைத் தரையோடு தரையாக இறக்கினால் வளைவில் சாயாதாம். இறக்கினார். எங்கள் வீதி முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது, கன்றுக்குட்டி படுத்திருக்கிற உயரம் இருக்கும். கார் அதன் மேல் வயிற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. செட்டிலிருந்து லோடுமேன்கள் வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். பழைய ஸ்பிரிங் திரும்பி வந்தது.

அப்புறம் அவரும் கேரேஜ்காரர்களும் டர்போ பற்றி ஒரு மாதம் பேசினார்கள். டர்போ போட்டால் பிஸ்டன் தாங்காது, பிஸ்டனை மாற்றினால் கிளட்ச் தாங்காது, கிளட்சை மாற்றினால் கியர்பாக்ஸ் தாங்காது. இப்படியே போனால் பழைய காரில் மிஞ்சுவது ஹாரன் மட்டும்தான். இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதலாம் என்று ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மாமனார் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார், மைலேஜ் எவ்வளவு கூடும் என்று. மைலேஜ் குறையும் என்றார் அவர். ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆபீஸில் வேலை ஓய்ந்த நேரத்தில் இதையெல்லாம் படித்துப் பார்த்தேன். உலகம் முழுக்க எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

"ஏனுங்க, மொதல்ல டயர மாத்தோணுமாம். நல்லா ரோட்டப் புடிக்கிற டயர் போட்டாலே ரெண்டு விநாடி கொறையுமாம்."

அப்பாவும் மகனும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். லாரிக்காரர் வீட்டில் தேயாத டயரைக் கழற்றுவது என்பது, சாப்பிடாத சோற்றைக் குப்பையில் கொட்டுகிற பாவம். எங்கள் செட்டில் ஒரு டயர் வழுக்கையாகும் வரை ஓடும், பிறகு மேல்பட்டை ஒட்டி மறுபடி ஓடும், அதன் பிறகும் சாகாமல் வாசலில் செடிக்குத் தொட்டியாக இருக்கும்.

"இன்னும் பட்டன் இருக்குதல்ல கண்ணு" என்றார் மாமனார், கார் டயரில் தேயாமல் இருந்த மேடுகளை விரலால் தடவிக்கொண்டே. "பட்டன் இருக்கற டயர ஆராச்சும் கழட்டுவாங்களா? நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வண்டி மேடு ஏறலீன்னா நாங்க இஞ்சினப் பாக்க மாட்டோம். லோடப் பாப்போம். லோட எறக்கு, தானா ஓடும்."

கௌதமன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இது அவருக்குத் தெரிந்த பாஷை.

அன்றைக்கே ஆரம்பித்தார். ஸ்டெப்னி டயர் இறங்கியது. ஜாக்கி, கார்ப்பெட், ஸ்பீக்கர் எல்லாம் இறங்கின. டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை மட்டும் தொடவில்லை, அவர் எடை கணக்கில் வராதாம். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது கதவைத் திறந்துபோட்டு உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உட்காருகிற பக்கம்.

"இந்த சீட்டு மட்டுமே இருவது கிலோ வரும் வித்யா."

"அது நான் உக்கார்றதுங்க."

"தெரியும். உன்னோட சேந்தா எழுவது." தள்ளுபடி கிடைத்தவர் போலச் சந்தோஷமாகச் சொன்னார்.

"அப்ப நான் லோடுங்களா?"

"உன்னைய ஆரு சொன்னா? சீட்டத்தான சொன்னேன். போட்டிக்கு மட்டுந்தான் புள்ள. பொறவு மாட்டிக்கலாம்."

எங்கள் வீட்டில் பொறவு என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பொறவு மாட்டிக்கொள்ளலாம் என்று கழற்றிய கொசுவலை, பொறவு சரி பண்ணலாம் என்று ஏற்றிய டிரெட்மில், பொறவு கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கிய கீபோர்டு எல்லாம் மாடியறையில் இருக்கின்றன. அங்கே போன எதுவும் கீழே வந்ததில்லை.

என் சீட் மாடிக்குக்கூடப் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் அது லாரி செட்டில், இரண்டு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் மாமனார் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"முதுகுக்கு நெம்ப நல்லா இருக்குது சாமி" என்றார் என்னிடம். அந்த சீட் சாயும், நிமிரும் என்பதையும் கண்டுபிடித்திருந்தார்.

குளியலறைக்குப் போய் அழுதேன். இருபது கிலோவுக்காக அழவில்லை. அந்த இருபது கிலோ போய்விட்டால் நாங்கள் இனி எப்போது பேசிக்கொள்வோம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் வலித்தது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது கோபம் வந்துவிட்டது. எனக்கு அழுகையைவிடக் கோபம் நன்றாக ஒத்துப்போகும்.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை காலையில் காரை எடைபோடக் கிளம்பினார். லாரிக்காரர் வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும் தீர்ப்பு எடைமேடையில்தான். மாமனாரும் ஜீப்பில் கிளம்பினார். இனியனும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். எனக்குத்தான் காரில் இடம் இல்லையே, ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். என் இடத்தின் எடை என்ன என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆத்திரம்.

பைபாஸ் ஓரத்து எடைமேடையில் சிமென்ட் லாரி, கரும்பு லாரி, மக்காச்சோள லாரி எல்லாம் வரிசையில் நின்றன. நடுவில் எங்கள் சிவப்புக் கார், யாரோ தவறவிட்ட பொம்மை மாதிரி. டிரைவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

ஜன்னலுக்குள் இருந்த எடைமேடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"டிரைவரு உள்ளயா, வெளியயா?"

"உள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாரியைக் காலியாக ஒரு தடவை எடைபோடுவார்கள், சரக்கோடு ஒரு தடவை. இரண்டு தடவையும் டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் கழித்துப் பார்க்கும்போது அவர் காணாமல் போய்விடுவார். அதனால் எங்கள் ஊரில் டிரைவரை யாரும் எடையாக நினைப்பதில்லை. ஸ்டியரிங் மாதிரி அவரும் வண்டியோடு சேர்த்தி. தார்ப்பாய், கயிறு, தண்ணீர்க் கேன் வரைக்கும் எடை பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு, பிறந்ததிலிருந்து கண்ணில் படாத எடை அது ஒன்றுதான்.

போர்டில் ஆயிரத்து நூறு என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"பார்ரா, அம்பது கிலோ எறங்கிருச்சு" என்றார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. போன வாரம் எதையும் கழற்றும் முன் எடைபோட்டபோதும் அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். "அதுல வித்யா சீட்டு மட்டும் இருவது."

நான் காருக்குப் பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க, சித்த எறங்குங்க."

"எதுக்கு?"

"எறங்குங்க, சொல்றேன்."

இறங்கி மேடைக்கு வெளியே வந்தார். போர்டு கொஞ்சம் தடுமாறிவிட்டு நின்றது. ஆயிரத்துப் பத்து.

முதலில் சிரித்தது கரும்பு லாரி டிரைவர். பிறகு வரிசையில் இருந்த எல்லோரும். எடைமேடைக்காரர் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டார்.

"தொண்ணூறு" என்றேன். "எல்லாத்தையும் கழட்டி நீங்க எறக்குனது அம்பது. நீங்க ஒருத்தரு எறங்குனதுல தொண்ணூறு. இப்பச் சொல்லுங்க, இந்த வண்டில தேவையில்லாத எடை எது?"

கௌதமன் போர்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். நான் உள்ளே ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். போர்டு ஆயிரத்து அறுபதில் போய் நின்றது.

மாமனார் ஜீப்பில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டார். மகன், மருமகள் என்ற பாசமெல்லாம் எடைமேடையில் அவருக்குக் கிடையாது.

"நாப்பது கிலோ லாபம். அம்மிணி ஓட்டட்டும்."

"அப்பா, எடை மட்டும் கொறஞ்சாப் போதுமா? ஓட்டத் தெரியோணுமல்ல?"

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன் காருக்குள்ளிருந்து. "ரெண்டு வருசமா பக்கத்து சீட்ல உக்காந்து வேற என்னத்தப் பாத்தேன்? வளைவுக்குள்ள போன பொறவுதான் நீங்க பிரேக் மிதிப்பீங்க. மூணாவது கியர்ல போக வேண்டிய எடத்துல எல்லாம் ரெண்டாவதப் போட்டுச் சத்தம் குடுப்பீங்க. இனியன் அண்ணன் முன்னால போனா ரெண்டையும் ஒட்டுக்காச் செய்வீங்க. அந்த ரெண்டு விநாடி எங்க போச்சுன்னு நீங்க கேட்டிருந்தா நான் மொத நாளே சொல்லியிருப்பேன்."

இனியன் வேறு பக்கம் திரும்பி லாரி நம்பர்களை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கௌதமனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் நான்தான் முதலிலேயே சொன்னேனே, நல்லவர். கோபப்படவில்லை. ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்று போட்டி விதியில் இருக்கிறது என்று அவரே போனில் விசாரித்து, என் பேரையும் அவரே கொடுத்தார். ஓட்டிப் பார்த்தால் இவளுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்து பார்ப்பதும் கையில் பிடித்து ஓட்டுவதும் ஒன்றில்லை. வெண்ணந்தூரில் எங்கள் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன், வீட்டுக் காரை சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஆட்டோக்களுக்கு நடுவே கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் முதல் சுற்றில் கிளம்பி, கோன்களை உதைத்துத் தள்ளி, கடைசியில் வழி தெரியாமல் ஜட்ஜுகள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு முன்னால் போய் நின்றேன். ஒருவர் கையில் வடையோடு எழுந்து ஓடினார். ஹெல்மெட்டுக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கௌதமன் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் நான் வேகமாக ஓட்ட முயலவே இல்லை. அவர் எங்கெல்லாம் லேட்டாகப் பிரேக் மிதிப்பாரோ அங்கெல்லாம் முன்னாலேயே மிதித்தேன். எங்கெல்லாம் சத்தம் கொடுப்பாரோ அங்கெல்லாம் சும்மா இருந்தேன். ஒரு கோனும் விழவில்லை. நேரத்தை அறிவித்தபோது எனக்குப் புரியவில்லை, மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் புரிந்தது. என் வீட்டுக்காரரைவிட ஒரு விநாடி குறைவு. இனியன் எங்கள் இரண்டு பேரையும் ஜெயித்தார், அது வேறு விஷயம். அவர் புது டயர் போட்டிருந்தார்.

திரும்பும்போது சாவி என் கையில் இருந்தது. காரில் இருந்தது ஒரே சீட். கௌதமன் அப்பாவோடு ஜீப்பில் வந்தார். வழி முழுக்க மாமனார் பிரேக்கை எங்கே மிதிக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அந்த வாரம் முழுக்க நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு எங்க?" என்றார்.

"கொல்லிமலைக்குப் போலாமுன்னு இருக்கறேனுங்க."

"நானு?"

நான் காருக்குள் கையைக் காட்டினேன். சீட் இருந்த இடத்தில் வெறும் தகரமும் நான்கு போல்ட் ஓட்டைகளும் இருந்தன.

செட்டுக்குப் போனார். நானும் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் பின்னால் போனேன். மாமனார் சீட்டை நன்றாகச் சாய்த்துவிட்டுப் படுத்திருந்தார்.

"அப்பா, சீட்டு வேணும்."

"எறக்குன லோட மறுக்கா ஏத்தறதாடா? இது இப்ப என்ற சீட்டு."

"அப்பா."

"அம்மிணி வந்து கேட்டாத் தாரேன். உனக்குத் தரமாட்டேன்."

திரும்பி என்னிடம் வந்தார். பதினோரு லாரிக்கு முதலாளி, செட்டில் டிரைவர்கள் எல்லாம் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அப்பாகிட்டக் கேளு வித்யா."

"எதுக்குங்க? சீட்டு இருவது கிலோ. உங்களோட சேந்தா நூத்திப்பத்து. வண்டி மலை ஏறோணுமல்ல?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"போன ஞாயித்துக்கெழம ஜீப்ல வந்தனல்ல. உன்றகிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. சொல்றதுக்கு நீ பக்கத்துல இல்ல. இந்த வாரம் பூராச் சொல்லாமயே கெடக்குது."

ஒரு வாரமாக இன்னும் நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன். அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு மாமனாரிடம் போய், "மாமா, சீட்டக் குடுத்துருங்க, நாங்க ரெண்டு பேரும் போகோணும்" என்றேன். எழுந்தார், துண்டால் சீட்டைத் தட்டித் துடைத்தார், மகன் தோளில் அவரே தூக்கி வைத்தார். டிரைவர்கள் வழி விட்டார்கள். நான்கு போல்ட்டையும் கௌதமனே முறுக்கினார். நான் ஒரு கை கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

மறுநாள் மலை ஏறும்போது ஸ்டியரிங் என்னிடம்தான் இருந்தது. எடைமேடைத் தீர்ப்பை அப்பீல் செய்ய அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சித்த மெதுவாப் போ புள்ள."

"மெதுவாத்தானுங்க போகுது. லோடு அதிகம்."

அப்போதுதான் சிரித்தார். அப்புறம் ஆரம்பித்தார், மேலே போய்ச் சேரும் வரை பேச்சை நிறுத்தவே இல்லை.